ஹன்சாவில் பறக்கக் கற்கலாமா?

கேள்வி: மகள் பைலட் பயிற்சியில் சேரப்போகிறாள். அந்தப் பள்ளி ஹன்சா விமானம் வாங்கப்போகிறதாம். இரண்டே சீட், ஃபைபர் உடம்பு, சோதனையில் இருந்த விமானம் என்கிறார்கள். அமெரிக்கச் செஸ்னா விமானம் உள்ள பள்ளியாகப் பார்க்கலாமா?

பதில்: 'சோதனை' என்றதும் பயப்பட வேண்டாம். பெங்களூரில் உள்ள அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல்.-இன் முதல் ஹன்சா பறந்தது 1993-இல். ஹன்சா-3 ரகம் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) சான்றிதழ் பெற்றது 2000-இல். புதிய ரகமான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் பறந்தது. மறு ஆண்டு அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து கடல்மட்டத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பெங்களூரு கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, இன்ஜினின் இழுவையும் வேறு. இந்த வேலையெல்லாம் சோதனை பைலட்டுகளுடையது. பள்ளியில் அந்த விமான ரகத்துக்கு டிஜிசிஏ தந்த வகைச் சான்றிதழின் நகலை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எடை விஷயம் கேட்டால் சிரிப்பீர்கள். ஹன்சா-3 முழுச் சுமையுடன் 750 கிலோ. பல காலமாக மாணவர்கள் ஓட்டிய செஸ்னா 152-உம் சுமார் 757 கிலோதான்.

ஃபைபர் துருப்பிடிக்காது. ஆனால் வண்டி தடாலென்று இறங்கினால் அலுமினியத் தகடு நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். ஃபைபரிலோ உள் அடுக்குகள் பிரிந்தும் வெளியே பெயின்ட் பளபளக்கும். அதனால் அப்படி இறங்கிய பிறகு யார், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள். நாணயத்தால் தட்டி ஓசை மாறுகிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் உதவும். அப்புறம், நம் ஊர் வெயிலில் ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் ரெசின் பசை இளகக்கூடும். ஃபைபர் விமானங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசுவது அதனால்தான். நிழலுக்குக் கொட்டகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்ஜியில் உள்ளது ரோட்டக்ஸ் 912 ஐஎஸ்சி இன்ஜின், 100 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை ஓடும். கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்துத்தான் புரொபெல்லரைச் சுழற்றும். கார்புரேட்டர் இல்லாததால் அதில் பனி உறையும் தொல்லை இல்லை. ஆனால் எரிபொருள் பீய்ச்ச மின்சாரம் வேண்டும். இதற்குப் பழகிய மெக்கானிக் பள்ளியில் இல்லையென்றால் விமானம் ஷெட்டிலேயே நிற்கும், மகளும் காத்திருப்பாள். நிறைய பயிற்சி இழுபடுவது இப்படித்தான். என்னைக் கேட்டால், விமானத்தின் பெயரைவிட மாதத்துக்கு எத்தனை மணி நேரம் அது பறக்கிறது என்ற கணக்கே முக்கியம்.

ஹன்சா-3 சான்று பெற்ற ஜேஏஆர்-விஎல்ஏ என்ற, மிகச் சிறிய விமானங்களுக்கான ஐரோப்பிய விதி பகல் பறப்புக்கானது. கமர்ஷியல் லைசென்சுக்கு வேண்டிய 200 மணியில் 5 மணி இரவில் பறக்க வேண்டும். பள்ளியின் விமானத்துக்கு இரவு அனுமதி உண்டா, இல்லையென்றால் அந்த 5 மணிக்கு எந்த விமானம், கட்டணம் தனியா? பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.