கரண்ட் போனதால் முடிவு தெரியாத அந்த கறுப்பு வெள்ளைப் படம்

பாம்பனில் சின்ன வயதில் இலங்கை டிவியான ரூபவாகினியில் பார்த்ததாகச் சொல்லி என்ன படம் என்று கேட்கிறீர்களே, கோர்ட் கூண்டில் நிற்பவனும் மனநோய் விடுதியிலிருந்து கூட்டி வரப்படுபவனும் ஒரே முகம் என்று? அது ‘லைபல்’ என்ற ஆங்கிலப் படம், 1959. இயக்கம் ஆந்தனி ஆஸ்கித். அந்த இரண்டு பேரும், முகாமில் இருக்கும் நடிகனும் டர்க் போகார்ட்தான். அதனால்தான் உங்களுக்குக் குழம்பியிருக்கிறது.

கதை இதுதான். ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து மூன்று பேர் தப்புகிறார்கள். அதில் பணக்காரப் பிரபு ஒருவன், அவனை உரித்து வைத்தாற்போல ஒரு நடிகன். அந்த இரண்டு பேரில் ஊர் திரும்பியது ஒருவன்தான். பல வருஷம் கழித்து மூன்றாமவன் அவனைத் தொலைக்காட்சியில் பார்த்து ‘இவன் போலி’ என்கிறான். பத்திரிகையில் வர, மானநஷ்ட வழக்கு. இவனுக்கோ பாதி நினைவே இல்லை, திக்குவாய் வேறு. தான் யார் என்று அவனுக்கே சந்தேகம் வருவதுதான் படத்தின் உயிர். மனைவியாக ஒலிவியா டி ஹாவிலண்ட் சாட்சிக் கூண்டிலேயே கைவிடும் இடம் இருக்கிறதே, அப்பப்பா!

சரி, அவன் போலிதான் என்று சொல்லும் உங்கள் அப்பாவுடன் நடக்கும் சண்டைக்கு வருவோம். (முடிவு வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.) அவன் போலி இல்லை, நிஜப் பிரபுதான். பழைய கோட்டின் உள்துணியில் ஒளித்து வைத்த சின்னப் பொருள் ஒன்று காப்பாற்றுகிறது. அப்பா தோற்றார்.

எங்கள் தொண்டி வீட்டிலும் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பித்தான் வைத்திருப்போம். காற்று மாறினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். இரட்டை வேடப் படத்தை அதில் பார்த்தால் யார் யாரென்று எப்படித் தெரியும்?