லாக்டவுன்ல அடி வாங்குற புள்ளைங்க: கேள்வி பதில், ஜூன் 2021

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில ஃபீல்டுல இருக்கேன், புகார் வர்ற வீட்டுக்குப் போய் பேசுறது தான் என் வேலை. கேளுங்க. முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன், யாரும் புள்ள காதுமேல அறையாதீங்க.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்: அக்கா, பனியன் கம்பெனி மூடி ஒரு மாசமாச்சு. வீட்ல ஒரே ஃபோன், ஆன்லைன் கிளாஸ்னு சொல்லிட்டு ஏழாவது படிக்கிறவன் ஃப்ரீ ஃபயர் ஆடியே டேட்டாவ தீத்துட்டான். பெல்ட்டால அடிச்சுட்டேன். இப்ப ராத்திரி படுக்கையிலயே ஒண்ணுக்குப் போறான். திமிரா?

பதில்: திமிர் இல்ல தம்பி. நின்னுபோன பழக்கம் அடி வாங்குனதும் திரும்பி வந்தா பெரும்பாலும் பயம் தான், திட்டுனா கூடும். போர்வைய பேசாம துவைச்சுப் போடுங்க, மத்த புள்ளைங்க முன்னாடி அந்தப் பேச்ச எடுக்காதீங்க. நிக்கலைன்னா டாக்டர்ட்ட காட்டுங்க, பெல்ட் பட்ட தழும்பையும் மறைக்காம காட்டுங்க. அடிச்சது தப்புடான்னு அவன்கிட்ட நீங்களே சொல்லணும், கேம் பஞ்சாயத்த இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இப்ப நான் கேக்குறேன், எத்தன மணிக்கு அடிச்சீங்க?

கட்டிங் மாஸ்டர்: சாயங்காலம்க்கா. குழுக் கடன் வசூலுக்கு வந்த ஆளு வாசல்ல உக்காந்து தெருவே பாக்க சத்தம் போட்டுட்டுப் போனான்.

பதில்: அதான். காலையிலயும் தானே ஆடிருப்பான், அப்ப விழலையே. நான் போற வீடுகள்ல திரும்பத் திரும்ப இதத்தான் பாக்குறேன், அடி விழுற நேரத்த ஒரு வாரம் குறிச்சுப் பாருங்க, புள்ள செஞ்ச தப்போட ஒட்டாது, கடன்காரன் வர்ற நேரத்தோட ஒட்டும். போன வருஷம் மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணைய தள்ளிப்போட ரிசர்வ் வங்கி விட்டுச்சு, இந்த ரெண்டாவது கொரோனா அலையில அப்படி இல்ல, கடன மாத்தி அமைச்சுக் கொடுங்கன்னு நாமளா போய்க் கேக்கணும். குழுவா எழுதிக் கேளுங்க. வசூல் நாள் அன்னிக்கு ஆளு போனதும் மொட்டை மாடில போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறம் உள்ள வாங்க.

ராமநாதபுரம்: புள்ளைங்களுக்கு எப்ப தடுப்பூசி?

பதில்: 104 மருத்துவ உதவி நம்பர்ல கேளுங்க.

ரெண்டு புள்ளக்காரி, மதுரை: 14ஆம் தேதி டாஸ்மாக் தொறந்ததுல இருந்து வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து பெரியவள அடிக்கிறாரு.

பதில்: புள்ளைக்கு குழந்தைகள் உதவி நம்பர் 1098, உங்களுக்கு பெண்கள் உதவி நம்பர் 181, எந்நேரமும் எடுப்பாங்க, காசு ஆகாது. போதையில இருக்குறவர்ட்ட நியாயம் பேசாம புள்ளைய கூட்டிட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிடுங்க, லாக்டவுனாச்சேன்னு யோசிக்காதீங்க.

ஆம்பூர்: ஃபோன விடவே மாட்டேங்குறான், நாலு போட்டா தான் அடங்குறான்.

பதில்: திருப்பூர்காரருக்குச் சொன்னத படிங்க.

தேனி: என் மகளும் ஃபோனே கதின்னு...

பதில்: மேல படிங்கம்மா!

ரிட்டயர்டு வாத்தியார்: முருங்கைய ஒடிச்சு வளர், புள்ளைய அடிச்சு வளர்னு சும்மாவா சொன்னாங்க? எங்கப்பா விளாறால வெளுத்தாரு, நான் உருப்படலையா?

பதில்: உருப்பட்டீங்க சார், சந்தோஷம். உங்ககூட அடி வாங்கி வீட்ட விட்டு ஓடிப்போனவன் இங்க வந்து எழுத மாட்டான்.

ரிட்டயர்டு வாத்தியார்: ஸ்கூல்ல அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, சரி. பெத்தவனுக்குமா சட்டம்?

பதில்: ஆமா. 2015 சிறார் நீதிச் சட்டம், 75ஆவது பிரிவு. புள்ளைய பொறுப்புல வெச்சிருக்குறவங்க கொடுமைப்படுத்துனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

கட்டிங் மாஸ்டர்: என்னையும் உள்ள வெச்சுருவாங்களாக்கா?

பதில்: பெல்ட்ட திரும்ப எடுத்தீங்கன்னா நானே வருவேன்.

பேரு வேணாம்: வீட்ல அரிசி இல்லாதவனுக்குத் தான் தெரியும் கோவம். சட்டம் பேசுறது ஈசி.

பதில்: கோவம் வரும், இல்லைன்னு சொல்லல. ஆனா அது வாசல்ல கத்துற வசூல்காரன் மேல பாயலையே, திருப்பி அடிக்க முடியாத ஆளு மேல தான பாயுது?

ரிட்டயர்டு வாத்தியார்: ஒரு அறை விடுறது கொடுமையா?

பதில்: எங்க விடுறீங்க? விரிச்ச கையால காதுல அறைஞ்சா உள்ள அடைபடுற காத்து செவிப்பறையவே கிழிச்சுடும். பல புள்ளைங்க வெளிய சொல்லாது, டிவிய சத்தமா வைக்கும், கூப்ட்டா திரும்பாது, அதையும் திமிர்னு இன்னொண்ணு வைப்பீங்க. காதுல ரத்தமோ சீழோ வந்தா எண்ணெய காய்ச்சி ஊத்தாதீங்க, காது டாக்டர்ட்ட போங்க. மிளகாப் புகை, சூடு, இதுல எவ்ளோ வரைக்கும் போலாம்னு யாராச்சும் கேட்டா பதிலே கிடையாது.

பத்தாவது படிக்கிற புள்ள: அம்மா போன மாசம் கொரோனால இறந்துட்டாங்க. அப்பா பேசுறதே இல்ல, எதுக்கெடுத்தாலும் அடிக்கிறாரு. சொன்னா அப்பாவையும் பிரிச்சுருவாங்களா?

பதில்: கண்ணு, எடுத்த உடனே பிரிக்க மாட்டாங்க, மொதல்ல ஆளு வந்து அப்பாட்டயும் உன்கிட்டயும் தனித்தனியா பேசுவாங்க. 1098க்கு நீயே பேசலாம். அத்தையோ சித்தியோ ஒருத்தர்ட்ட இன்னிக்கே சொல்லிடு. அம்மாவ இழந்த வீட்டுக்கு அரசு 3 லட்சம் அறிவிச்சுருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேக்கச் சொல்லு, கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சா இடம் சொல்வாங்க.

சேலம்: கொரோனா நிவாரணம் ரெண்டாவது தவணை 2000 ரூபா எப்ப வரும்?

பதில்: ரேஷன் கடையில 15ஆம் தேதியில இருந்து குடுக்குறாங்க, 14 மளிகைப் பொருளும் சேத்து வாங்கிக்கோங்க.