விளக்கு வெளிச்சத்தில் செடி: மண்டபத்து அக்காவிடம் கேட்டவை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், ஒரு சின்ன அறையில், இரும்பு அலமாரி ரெண்டில் எல்.இ.டி. விளக்கு மாட்டி கீரையும் நாற்றும் வளர்க்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்களில் தோட்டம் போடுறவங்க ஒருநாள் உட்கார்ந்து கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? எதுக்கு விளக்கு?

நானும் முதல்ல இதைத்தான் கேட்டேன் தம்பி. உச்சி வெயில்ல மொட்டை மாடியில கிடைக்கிற வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குகூட என் விளக்கு தராது. நமக்குக் குறையா இருக்குறது வெளிச்சம் இல்ல, நல்ல தண்ணி. அதோட மே மாசத்துச் சூடு, வாடைக் காத்தும் கச்சான் காத்தும் அள்ளிக்கொண்டு வர்ற உப்பு. மாடியில கொத்தமல்லி விதைச்சா முளைச்ச மறுவாரமே கருகிடுது. வீட்டுக்குள்ள வச்சா உப்புக்காத்து படாது, ஊத்தின தண்ணி சீக்கிரம் காயாது. விளக்கு அதுக்குக் கொடுக்குற விலை. மாடியில நல்லா வர்ற செடியை உள்ளே கொண்டுவராதீங்க.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி: லாத்தா, எங்க வீட்டுல முற்றம்கூட கிடையாது. 1000 வாட்டுனு போட்டு ஒரு விளக்கு மலிவா வருதே, வாங்கலாமா?

வேணாம்மா. அட்டையில 1000னு இருக்கும், மின்சாரம் இழுக்குறது 100 வாட்தான் இருக்கும். சின்ன எழுத்துல 'உண்மையான வாட்' போட்டிருக்கான்னு பாருங்க. போடலேன்னா கையில எடுக்காதீங்க. ஊதாக் கலர் விளக்கும் தேவையில்ல. செடி சிவப்பையும் நீலத்தையும் நல்லா எடுத்துக்கும்ங்கிறது சரிதான், ஆனா வெள்ளை வெளிச்சத்துக்குள்ளயே ரெண்டும் இருக்கு. ஊதாவுல இலை மஞ்சளானாலும் புழு விழுந்தாலும் உங்க கண்ணுக்கே தெரியாது.

எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்கிற 4 அடி, 20 வாட் வெள்ளை டியூப்ல ஆரம்பிங்க. நாலடி நீளம், ஒரு அடி அகலத் தட்டுக்கு நாற்று, மைக்ரோகிரீன்னா (முளைச்ச சில நாள்லயே வெட்டிச் சாப்பிடுற குட்டிக்கீரை) 2 டியூப் போதும். கீரைக்கு 4 வேணும். செடி நுனிக்கும் டியூப்புக்கும் ஒரு சாண் இடைவெளி. தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ஞ்சா விளக்கு தூரம். மேல் இலை வெளுத்துச் சுருண்டா கிட்ட. இந்த ரெண்டைப் பார்த்தே முக்கால்வாசி சரி பண்ணிடலாம்.

அவரே மறுபடி: அளந்து பார்க்க வழி இருக்கா?

போன்ல வெளிச்சத்தை லக்ஸ் அளவுல காட்டுற செயலி போதும், தோராயமாத்தான் காட்டும். வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸை 70ஆல வகுத்தா செடிக்குப் பயன்படுற ஒளி எவ்வளவுன்னு கணக்குக்கு வரும், அலகு மைக்ரோமோல், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடிக்கு இவ்வளவுன்னு. 14,000 லக்ஸ்னா 200. கீரைக்கு அது நல்ல அளவு, நாற்றுக்கு 100 இருந்தாலே ஒப்பேத்தலாம். நேரமும் சேர்ந்துதான் கணக்கு: நொடிக்கு 200 வீதம் 14 மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு 10 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). வெளிச்சம் கம்மியா இருந்தா நேரத்தைக் கூட்டலாம், ஆனா 16 மணி நேரத்துக்கு மேல வேணாம், செடிக்கும் இருட்டு வேணும்.

உச்சிப்புளி அண்ணன் ஒருத்தர்: கரண்டு பில்லு எகிறுமேம்மா?

கணக்குப் போடுவோம்ணே. 2 டியூப், 40 வாட், 14 மணி நேரம்: ஒரு நாளைக்கு 0.56 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 34 யூனிட் சொச்சம். 4 டியூப்னா 67. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான், ஆனா ஃப்ரிட்ஜும் ஃபேனும் அதை எப்பவோ தின்னிருக்கும். அதனால இதை மேல்செலவுன்னே எழுதிக்கங்க. கட்டுக்கீரை வளர்த்து இந்தக் காசை எடுக்க முடியாது, சந்தையில வாங்கிக்கலாம். புதினா, லெட்யூஸ், நாற்று இதுக்குத்தான் கட்டுபடியாகும்.

டைமர் ஒண்ணு வாங்கிப் போட்டு சாயங்காலம் 6 மணிக்கு எரிய விட்டு காலையில 8க்கு அணைச்சிடுங்க. விளக்கு இழுக்குற மின்சாரம் கடைசியில அறைக்குள்ள சூடாத்தான் மாறும். பகல் சூட்டோட அதையும் சேர்த்தா செடி வேகும்.

தேவிபட்டினம்: கிணத்துத் தண்ணிதான் இருக்கு. வடிகட்டி ஊத்தினா உப்பு போயிடாதா?

துணியில வடிகட்டினாலும் கொதிக்க வச்சாலும் உப்பு போகாது. கொதிக்கக் கொதிக்கக் கூடத்தான் செய்யும். தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்குங்க, விளக்குக்கு முன்னாடி வாங்க வேண்டிய சாமான் அதுதான். மீட்டர்ல 300 பிபிஎம்முக்குள்ள (லிட்டருக்கு 300 மில்லிகிராம்) இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஊத்தலாம். 1000 தாண்டினா நாற்றுக்கு ஆகாது. பீன்ஸும் கேரட்டும் உப்பைப் பார்த்தாலே சுருண்டுக்கும்; பாலக்கும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும்.

நான் என்ன பண்றேன்னா, ஐப்பசி கார்த்திகை மழையை மாடியிலிருந்து டிரம்முல பிடிச்சு, மூடி போட்டு வச்சுக்கிறேன். நம்ம முன்னோர் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி வச்சது இந்தத் தண்ணிக்காகத்தானே. ஏசி இருக்குற வீட்டுல சொட்டுற தண்ணியையும் பிடிங்க, அதுல உப்பே இருக்காது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க. உள்ளே போன உப்பெல்லாம் அதுலதான் சேர்ந்து வருது. 'தண்ணிதானே, வீணாப் போகுதே'ன்னு ஊத்தி ரெண்டு தட்டு புதினாவைக் கொன்னவ சொல்றேன்.

மண்டபம் முகாம் பக்கத்திலிருந்து: தேங்காய் நார்க்கழிவுல போட்டேன், இலை ஓரமெல்லாம் கருகுது. உரம் பத்தலையா?

உரத்தை நிறுத்துங்க முதல்ல. நார்க்கழிவுலயே சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், கடலோரத்து மட்டையில இன்னும் கூட. அதை ஊற வச்சுப் பிழிஞ்ச தண்ணியில மீட்டரை வச்சுப் பாருங்க, தெரியும். நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசணும், அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைச்ச தண்ணியில ஒரு ராத்திரி ஊறப் போட்டு மறுபடி அலசணும். கால்சியம் போய் உட்கார்ந்து சோடியத்தை வெளியே தள்ளும். உப்புக் கிணத்துத் தண்ணியில அலசினா அலசாததுக்குச் சமம். இளம் இலை நுனி மட்டும் கருகுதுன்னா அது வேற: காத்தோட்டம் இல்லாம கால்சியம் நுனிவரை ஏறல. சின்ன ஃபேன் ஒண்ணு மெதுவா ஓடட்டும்.

தங்கச்சிமடம்: மல்லிகைக் குச்சியை விளக்குக்குக் கீழ வேர் பிடிக்க வைக்கலாமா?

மல்லிகை நாற்றுக்கே பேர் போன ஊர்க்காரங்க என்கிட்ட கேக்குறீங்களே! உங்க மணலும் நிழல்வலையும் பண்ற வேலையை எந்த விளக்கும் பண்ணாது.

முதுகுளத்தூர்: முண்டு மிளகாயை உள்ளேயே காய்க்க வைக்கணும்னு ஆசை.

ஆசைக்கு ஒண்ணு வளர்க்கலாம். காய்க்கணும்னா கீரையைவிட ரெண்டு மடங்கு வெளிச்சம் கொடுக்கணும், மாசக்கணக்கா. 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய் அது, கரிசல் காட்டுல மானாவாரியா நின்னு வர்றது. மழையை நம்பி விதைச்சு வெயில்ல காயப்போடுற பயிரை அலமாரிக்குள்ள அடைக்கிறது எனக்கு ஒப்பல. நாற்று வரைக்கும் வளர்த்து, வெளியே நிழல்ல ஒரு வாரம் பழக்கி நடுங்க.

பேர் சொல்லாத ஒரு தம்பி: இதே செட்டப்புல கஞ்சாச் செடி ஒண்ணே ஒண்ணு வச்சா?

ஒண்ணு வச்சாலும் சாகுபடிதான். 1985 போதைப்பொருள் சட்டத்துல பிரிவு 20 அதுக்கு 10 வருஷம் வரைக்கும் கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் அபராதமும் வச்சிருக்கு. அதுக்கு நான் வழி சொல்ல மாட்டேன். துளசி வை.

ராமேஸ்வரம்: ஒரு வருஷத்துல ரெண்டு விளக்கு போயிடுச்சு. கம்பெனி சரியில்லையா?

எரியிற பல்பு போகலம்மா, பின்னாடி இருக்குற டிரைவர், அதாவது விளக்குக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் கொடுக்குற பெட்டி போயிருக்கும். கழட்டிப் பாருங்க, பச்சை பூத்திருக்கும். உப்புக்காத்து. தூசியும் தண்ணியும் புகாத ஐபி65ன்னு போட்ட டிரைவரா வாங்கி, அலமாரிக்கு வெளியே, செடி ஆவி படாத இடத்துல மாட்டுங்க. வோல்டேஜ் ஏறி இறங்குறதுக்கு ஒரு தடுப்பானும் போடுங்க. மாசம் ஒருதடவை மின்சாரத்தை அணைச்சுட்டு ஈரத்துணியால துடைங்க, உப்புப் படிஞ்சா வெளிச்சமும் மங்கும். தண்ணியும் கரண்டும் ஒரே அலமாரியில இருக்கு, அதனால கரண்டு கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாம சுவிட்சைத் தொடாதீங்க. அது மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, நீங்களே ஏணி போட வேணாம்.