கனவுக்கு எத்தனை வாய்தா?

கேள்வி: பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு என் மகளைத் தயார் செய்கிறேன். 'எனக்கொரு கனவு இருக்கிறது' என்று மார்ட்டின் லூதர் கிங் பேசிய ஒரே பேச்சு அமெரிக்காவையே மாற்றிவிட்டது. பொறுமையாகக் கனவு கண்டால் ஒருநாள் நடக்கும் என்பதுதானே அதன் செய்தி? அப்படிப் பேச அடுக்குமொழியும் குரல்வளமும் தவிர வேறென்ன வேண்டும்? – வாசகர் ஒருவர், கோவில்பட்டி.

பதில்: பொறுமையாகவா? அந்தப் பேச்சின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அமெரிக்காவிலேயே பலர் அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், கறுப்பின மக்களின் வேலைக்கும் உரிமைக்கும் நடந்த பேரணியில், லிங்கன் நினைவகத்தின் படிகளில், சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னால் கிங் பேச எழுந்தபோது அவர் கையிலிருந்த தாளில் அந்தக் கனவுப் பகுதியே கிடையாது. இருந்தது ஒரு காசோலை. அரசியல் சாசனமும் சுதந்திரப் பிரகடனமும் இந்த நாட்டுக் குடிமக்கள் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்த புரோநோட்டு. எங்கள் மக்கள் அதைக் கொண்டுபோய் நீட்டினால் 'கணக்கில் போதிய பணமில்லை' என்று திரும்பி வருகிறது. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப நாங்கள் தயாராக இல்லை, அதனால் பணமாக்க வந்திருக்கிறோம் என்றார். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும் தொனி அது. படிப்படியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதத்தை மயக்க மருந்து என்றும் அதே பேச்சில் சொன்னார். பேச்சு முடிவை நெருங்கும்போது பாடகி மஹாலியா ஜாக்சன் பின்னாலிருந்து "அந்தக் கனவைச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்கிறார்கள். கிங் தாளை விட்டார். இரண்டு மாதம் முன்பு டெட்ராய்ட்டில் பேசிப் பழகியிருந்த கனவை எடுத்தார். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது, காசோலையை விட்டுவிட்டது. அந்தப் பேரணியின் கோரிக்கைகளில் மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலியும் ஒன்று. எந்தப் பேச்சுப் போட்டியிலும் அந்த இரண்டு டாலர் என் காதில் விழுந்ததில்லை.

அதே மேடையில் பேசிய மாணவர் போராட்ட அமைப்பின் தலைவர் ஜான் லூயிஸுக்கு அப்போது 23 வயது. அவர் எழுதி வந்த வரைவில் 'பொறுமை' என்பதை அழுக்கான, ஆபாசமான சொல் என்று குறிப்பிட்டிருந்தார். பேரணிக்கு முன் எழுந்த ஆட்சேபங்களில் அந்த வரி அடிபட்டது. ஆனாலும் "பொறுத்திருங்கள் என்பவர்களுக்குச் சொல்கிறோம், எங்களால் பொறுக்க முடியாது" என்று மேடையில் பேசத்தான் செய்தார். பொறுமையாகக் கனவு காண்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அடுக்குமொழி பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பாடம் வாஷிங்டன் பேச்சில் இல்லை. நான்கு மாதம் முன்பு, 1963 ஏப்ரலில், அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வெள்ளையரான எட்டு மதகுருமார் அவருடைய போராட்டத்துக்கு இது நேரமில்லை என்று அறிக்கை விட்டிருந்தார்கள். கிங் செய்தித்தாளின் ஓரங்களில் பதில் எழுதத் தொடங்கினார். 'காத்திரு' என்பதற்கு எங்கள் ஊரில் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றே பொருள் என்றார். அடுத்து ஒரு வாக்கியம் வருகிறது. ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் முந்நூறு சொற்களைத் தாண்டும். கும்பல் உன் தாயையும் தந்தையையும் அடித்துக் கொல்வதை நீ பார்த்திருக்கும்போது. நெடும்பயணத்தில் எந்த விடுதியும் இடம் தராமல் இரவுக்கிரவு காரின் மூலையில் முடங்கித் தூங்கும்போது. இப்படி 'போது', 'போது' என்று அடுக்கிக்கொண்டே போகிறார்.

நடுவில் அவருடைய ஆறு வயது மகள் வருகிறாள். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்த பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஏன் போகக்கூடாது என்று கேட்கிறாள். அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்று சொல்லத் தகப்பனுக்கு நாக்கு குழறுகிறது. குழந்தையின் கண்ணில் நீர் முட்டுகிறது. அவ்வளவும் கடந்த பிறகுதான் வாக்கியம் முடிகிறது: அப்போது உங்களுக்குப் புரியும், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்று.

நமக்கு இது புதிதாகத் தோன்றாமல் போகலாம். எச்சங்களை அடுக்கி வினைமுற்றைக் கடைசியில் வைப்பது தமிழின் பிறவிக் குணம். ஆங்கிலம் அப்படியில்லை, எழுவாயும் பயனிலையும் கைகோத்து முதலிலேயே வந்துவிடும். அந்த மொழியில் முடிவை முந்நூறு சொல் தள்ளிப்போட்டால் படிக்கிறவன் மூச்சு முட்டித் தவிப்பான். தவிக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். காத்திருக்கச் சொன்ன எட்டுப் பேரையும் ஒரு வாக்கியத்தில் காக்க வைத்துவிட்டார். இதற்குக் குரல்வளம் எதற்கு?

ஒரே பேச்சு அமெரிக்காவை மாற்றியது என்பதும் சரியல்ல. பேச்சு முடிந்த பதினெட்டாம் நாள் பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வர 1964 ஜூலை ஆயிற்று. அதற்குள் செனட்டில் எதிர்ப்பாளர்கள் மாதக்கணக்கில் பேசிப் பேசியே அதை இழுத்தடித்தார்கள். ராபர்ட் பேர்ட் என்ற உறுப்பினர் மட்டும் தொடர்ந்து பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நாவன்மைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, வாய்தா வாங்குவது.

வாய்தா கேட்பவர்கள் எப்போதும் கத்துவதில்லை. லாரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதி 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அரங்கேறிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தைப் பாருங்கள். ஒத்திப்போடப்பட்ட கனவுக்கு என்ன ஆகும், வெயிலில் திராட்சைபோல் வற்றிவிடுமா என்று தொடங்கி, வெடிக்குமா என்று முடிகிற லாங்ஸ்டன் ஹியூஸின் 1951 கவிதையிலிருந்து எடுத்த தலைப்பு. சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பம் நெருக்கடியான வாடகை வீட்டில் வாழ்கிறது. தகப்பனின் ஆயுள் காப்பீட்டுப் பணம் பத்தாயிரம் டாலர் வருகிறது. தாய் அதில் ஒரு பகுதியை வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்க முன்பணமாகக் கட்டிவிடுகிறாள். அப்போது லிண்ட்னர் என்பவர் கைப்பெட்டியோடு வருகிறார், அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. மனிதர்கள் உட்கார்ந்து பேசாததுதான் உலகில் பெரும்பாலான பிரச்சினைக்குக் காரணம் என்கிறார். இந்தப் பெரிய மனிதர் என்ன நல்லது சொல்லப்போகிறாரோ என்று வீடே காத்திருக்கிறது. உங்களவர்கள் உங்களவர்களோடு இருந்தால்தான் மகிழ்ச்சியாக இருப்பீர்கள், வீட்டைக் கொடுத்த விலைக்கு மேல் வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் வந்த விஷயம். நாடகத்தில் ஆக மரியாதையான பேச்சு அவருடையதுதான்.

மீதிப் பணத்தைக் கூட்டாளியிடம் ஏமாந்த மகன் வால்டர், அவரை மறுபடி வரவழைக்கிறான், பணத்தை வாங்கிக்கொள்ள. தன் சிறு பையன் பார்த்துக்கொண்டிருக்கப் பேசத் தொடங்குகிறான். வாய் குழறுகிறது, சொன்னதையே சொல்கிறான். எங்கள் அப்பா செங்கல் செங்கலாகச் சம்பாதித்த வீடு, நாங்கள் வருகிறோம், உங்கள் பணம் வேண்டாம். இவ்வளவுதான். பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

ஹான்ஸ்பெரி இதைக் கற்பனையாக மட்டும் எழுதவில்லை. அவருடைய தந்தை 1937-இல் சிகாகோவில் அப்படியொரு வீடு வாங்கினார். வீட்டின்மீது கல் பறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1940-இல் வென்றார், ஆனால் நடைமுறை நுணுக்கம் ஒன்றின் பேரில். வீட்டுப் பத்திரங்களில் இருந்த, கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற இனத்தடையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பு வர 1948 ஆயிற்று. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

சரி, மகளின் போட்டிக்கு வருவோம். ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்றால் காசோலைப் பகுதியைப் பேசச் சொல்லுங்கள். நேரம் மிஞ்சினால் அந்தப் பூங்கா வாக்கியத்தைத் தமிழில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லட்டும். கனவுப் பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை எப்படியும் அடுத்துப் பேச வரும் மாணவர் பேசிவிடுவார்.