கடன் அடைக்கவா டாக்டர் ஆவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 17 வயது. 5 வயதில் வேறொரு நாட்டின் அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்தோம். குழந்தைகளுக்கான டாக்டராகி, தான் இருந்த அதே இல்லத்துக்குப் போய் வேலை செய்யப் போவதாகச் சொல்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தேர்வில் 88 மார்க் வாங்கியதற்கு இரவெல்லாம் அழுதாள். இன்னமும் தலையணைக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். “நல்ல ஆசைதானே, விடு” என்கிறார் கணவர். எனக்கோ எங்களை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம். இந்த ஆசையை வளர்ப்பதா, வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஓர் அம்மா

பதில்: அன்புச் சகோதரிக்கு,

டாக்டர் ஆசையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த 88-ஐப் பற்றித்தான் கவலை.

இந்தப் பெண்ணிடம் இதுவரை எத்தனை பேர் “நீ கொடுத்து வைத்தவள்” என்று சொல்லியிருப்பார்கள்? உறவுக்காரர்கள், டீச்சர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அதையே கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, இந்த வீடு தனக்கு யாரோ போட்ட பிச்சை என்று தோன்றிவிடும். அப்புறம் வாங்கும் ஒவ்வொரு மார்க்கும் வட்டி கட்டுவது மாதிரிதான். 88 வந்தால் தவணை தவறிவிட்டது என்று அழுகை. பெற்ற பிள்ளை 88 வாங்கினால் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கலாம். ஐந்து வயதில் வந்தவளுக்குச் சில முகங்களாவது நினைவிருக்கும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளை என்ன ஆனது? என்னை மட்டும் ஏன் கூட்டி வந்தார்கள்? இதை உங்களிடம் கேட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று கேட்காமலே இருந்திருப்பாள். திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசை இந்தக் கேள்விகளிலிருந்து வந்ததாக இருந்தால், அது உங்களை விட்டுப் போவதற்கான ஆசை இல்லை.

மிக்கேலா டிப்ரின்ஸ் என்ற பாலே நடனக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சியரா லியோனில் அவர் இருந்த இல்லத்தில் பிள்ளைகளுக்கு 1 முதல் 27 வரை எண் போட்டிருந்தார்கள். அவர் 27. சாப்பாடு, துணி எல்லாமே அவருக்குக் கடைசியாகத்தான். காற்றில் பறந்து வந்த ஒரு பத்திரிகையில் பாலே ஆடும் பெண்ணின் படத்தைப் பார்த்து, அதைக் கிழித்துத் தன்னிடம் ஒளித்து வைத்துக்கொண்டார். 1999-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று அவரைத் தத்தெடுத்தது. பிறகு நெதர்லாந்தின் தேசிய பாலே குழுவரை போனார். 2024-இல், 29 வயதிலேயே இறந்துபோனார். இதில் நீங்கள் பார்க்க வேண்டியது, புதிய அம்மா அப்பா வருவதற்கு முன்பே அந்தக் கனவு அவரிடம் இருந்தது என்பதை. அவர்கள் செய்தது, அதைக் கேட்டுக்கொண்டு நடன வகுப்பில் சேர்த்துவிட்டது.

இதற்கு நேர் எதிராக பிலிப் ரோஸ்லர். 1973-இல் வியட்நாமில் பிறந்து, ஒன்பது மாதக் குழந்தையாக ஜெர்மனிக்குப் போனவர். இல்லத்தைப் பற்றி ஞாபகமே இருக்க முடியாத வயது. டாக்டருக்குப் படித்தார், அரசியலுக்குப் போனார், 2011-இல் துணைப் பிரதமர் பதவிக்கு இணையான பொறுப்புக்கே வந்துவிட்டார். ஆக, இல்லத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் இப்படித்தான் ஆசைப்படும் என்று ஒரு கணக்கும் இல்லை. (தயவுசெய்து இந்த இரண்டு பெயரையும் மகளிடம் சொல்லி “பார், எப்படி வந்திருக்கிறார்கள்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவளுக்கு இருக்கிற தவணையே போதும்.)

அழுகை விஷயத்துக்கு வருகிறேன். 1989-க்குப் பிறகு ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அங்கிருந்த இல்லங்களிலிருந்து, பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 பிள்ளைகளை, மைக்கேல் ரட்டர் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் தொடங்கிய ஆய்வுக்குழு பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தது. இல்லத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களில் பலர் முதலில் அறிவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள், பிறகு எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆனால் பதற்றம், மனச்சோர்வு போன்றவை இவர்களிடம் 15 வயதுக்குப் பிறகு, பெரியவர்களாகும் காலத்தில்தான் பெரிதாகத் தலைகாட்டின. நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு மனசும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது. தத்துப்பிள்ளைகளோடு பழகிய ஒரு கவுன்சலரை இந்த மாதமே பாருங்கள். பிஸ்கட்டைப் பிடுங்க வேண்டாம். ஒரு டப்பா வாங்கி அவள் அறையில் வையுங்கள். குறைந்தால் நிரப்புங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்புறம், அந்த இல்லத்துக்குப் போக அவள் டாக்டராகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? முதலில் அவளுடைய தத்துக் கோப்பைக் கேட்டு எழுதுங்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால், பிள்ளையின் பூர்வீக விவரங்களைப் பாதுகாத்து வைப்பது அரசின் கடமை. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் காட்டவும் வேண்டும். ஆனால் கோப்பில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடாதீர்கள். தென்கொரியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலரை, பெற்றோர் இருந்தும் அநாதை என்று பதிந்து அனுப்பியதாக அந்நாட்டு விசாரணை ஆணையமே 2025 மார்ச்சில் சொன்னது. அதனால் உறையைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். அவள் வேலை செய்ய நினைக்கும் அந்தக் கட்டடமே இன்று இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். ருமேனியா போன்ற நாடுகளில் பெரிய இல்லங்களை மூடி, பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது.

போய்ப் பார்த்த பிறகும் டாக்டர்தான் என்றால், சரி, படிக்கட்டும். போய்ப் பார்த்துவிட்டு “எனக்கு டாக்டர் படிப்பே வேண்டாம், படம் வரையப் போகிறேன்” என்றாலும் சரி என்று இப்போதே, அவள் முடிவெடுப்பதற்கு முன்பே, அவளிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரும் கூட உட்கார்ந்து சொன்னால் நல்லது. பயணத்துக்கு நீங்களும் கூடப் போவதா என்பதை மட்டும் அவளே சொல்லட்டும்.