பள்ளி ஆப் ஒரு பக்கம், வாட்ஸ்அப் குழு ஒரு பக்கம்: எதைக் கவனிப்பது?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கென ஓர் ஆப் இருக்கிறது. போதாததற்கு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவும் உண்டு. நாள் முழுக்கச் செய்திகள் வந்து குவிகின்றன. ஆனால் கணக்குத் தேர்வின் தேதி மாறியது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆசிரியருக்கு மெசேஜ் போட்டாலும் பதில் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களைத் தொல்லை செய்வது பெற்றோர் குழு. நீங்கள் தவறவிட்டதோ பள்ளி சொன்னது. அதனால் குழுவை 'மியூட்' செய்து, 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளியேற வேண்டாம், வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் குழு உதவும். தேதி, நேரம், கட்டணம் போன்றவற்றுக்கு மட்டும் குழுவில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் போனின் செட்டிங்ஸில் பள்ளி ஆப்பைத் திறந்து, அறிவிப்புகள் 'ஆன்' ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பேட்டரிப் பகுதியையும் பார்க்க வேண்டும். அதிகம் திறக்காத ஆப்பைப் போனே தூங்க வைத்துவிடும். அறிவிப்பு தாமதமாக வரும், சில சமயம் வரவே வராது. பழி என்னவோ பள்ளி மேல்தான் விழும்! அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

பள்ளியின் அறிவிப்புகளும் பேச்சும் ஒரே குழுவில் கலந்து வந்தால், வகுப்பாசிரியரிடம் தனிக் குழு கேளுங்கள். நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடும்படி அமைக்க வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. 'நன்றி மேம்' வரிசையில் தேர்வுத் தேதி புதையாது.

ஆசிரியர் பதில் போடாததற்குப் பாதிக் காரணம் கேள்வியாகவும் இருக்கலாம். "பாப்பா எப்படிப் படிக்கிறாள் மேம்?" என்றால் அவர் என்னவென்று தட்டச்சு செய்வார்? மகளின் பெயரும் பிரிவும் போட்டு, "காய்ச்சலால் வியாழன் கணக்குத் தேர்வு எழுதவில்லை. மறுதேர்வு உண்டா? எந்த நாள்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வகுப்புகளுக்கு இடையில்கூட ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டு பள்ளி நாளாகியும் பதில் இல்லையென்றால் அலுவலகம் வழியாகக் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு அனுப்பிவிட்டு நீல டிக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

மதிப்பெண் திடீரென்று சரிந்தது, வகுப்பில் யாரோ சீண்டுகிறார்கள் போன்ற விஷயங்களை எழுதிப் பேசாதீர்கள். சந்திக்க நேரம் மட்டும் கேளுங்கள். குழுவிலோ மூச்சு விடக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. மாலையில் வேறு யாரோ வந்து மகளை அழைத்துப் போவதாக இருந்தால் மெசேஜை நம்பாமல் அலுவலகத்துக்கு போன் செய்துவிடுங்கள்.

கடைசியாக, ஆப்பில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சேர்க்கையின்போது கொடுத்த பழைய எண்ணுக்கே எல்லாம் போய்க்கொண்டிருப்பது சகஜம். அம்மா, அப்பா இருவர் எண்ணையும் சேர்க்க வசதி இருந்தால் சேர்த்துவிடுங்கள்.