போலீஸ் தரும் சான்றிதழ் போதும், தம்பி

உங்கள் கேள்வி இதுதானே: ஜப்பானில் டோக்கியோ பக்கத்துச் சிபாவுக்கு வந்து எட்டு மாதம், கம்பெனி விசாவில் ஐடி வேலை. வார இறுதியில் ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகளில் பழைய ஃபிலிம் கேமரா வாங்கி ஈபேயில் வெளிநாட்டுக்கு விற்க ஆசை. 'நம்பிக்கைச் சான்றிதழ்' இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள் என்று ஒருவர் 80,000 யென் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஆறு வருடமாக டோக்கியோவின் நிஷி கசாயிலிருந்து இதே வியாபாரம் செய்கிறேன். ஒருவர்கூட என்னிடம் அப்படியொரு முத்திரையைக் கேட்டதில்லை.

எடுக்க வேண்டிய சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அதற்கு 19,000 யென்தான், கொடுப்பது போலீஸ். பெயர் கொபுட்சுஷோ அனுமதி, அதாவது பழைய பொருள் வியாபாரி உரிமம். 1949ஆம் வருடத்துச் சட்டம். நாம் உபயோகித்த பொருளை விற்க இது தேவையில்லை. விற்பதற்காகவே பழைய பொருளை வாங்கினால் கட்டாயம். இல்லாமல் செய்து மாட்டினால் 3 வருடம் வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். விசாவுக்கும் ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேமரா விற்பதற்குப் போலீஸ் எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம். அதனால்தான் தனி ஆளிடம் 10,000 யென்னோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால், அவர் யார் என்று சரிபார்த்து ஏட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கேம் சிடி, புத்தகம் என்றால் 100 யென்னாக இருந்தாலும் அடையாளம் பார்க்க வேண்டும். கடையில் சுட்டுக்கொண்டு வந்து விற்பவர்கள் அதிகம் கொண்டுவருவது அவற்றைத்தான்.

தெருமுனையில் இருக்கும் கோபான் என்ற சிறு போலீஸ் சாவடிக்குப் போனால் பெரிய ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே செய்காட்சு அன்ஸென் (அன்றாடப் பாதுகாப்பு) பிரிவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கூடவே வேண்டியவை: ஜூமின்ஹியோ என்ற முகவரிப் பதிவுச் சான்று, ஐந்து வருடத்து வேலை விவரம், உறுதிமொழி, விற்கப்போகும் இணையப் பக்கம் உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம். வாடகை வீடு என்றால் ஓனரின் சம்மதக் கடிதத்தையும் போலீஸ் கேட்கக்கூடும். என் விஷயத்தில் அதற்குத்தான் ரொம்ப நாள் இழுத்தது. கொடுத்தபின் சுமார் 40 நாள் ஆகும். அனுமதி மறுத்தால் பணம் திரும்ப வராது.

கிடைத்ததும் 16க்கு 8 சென்டிமீட்டரில் கருநீலத் தகடு ஒன்று செய்து மாட்ட வேண்டும். வெள்ளை எழுத்தில் 12 இலக்க எண், கேமரா வியாபாரி என்ற வரி, கீழே நம் பெயர். நீளமான தமிழ்ப் பெயரைக் கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் அதற்குள் அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வியாபாரிகள் மட்டும் கூடும் ஏலச் சந்தைக்குள் போகவும் இந்த உரிமம் வேண்டும்.

ஆனால் ஒன்று. பொருளை ஒழுங்கான வழியில் வாங்குபவர் என்பதற்குத்தான் அந்த எண். பொருள் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். என் மூன்றாவது மாதம், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 'கண்ணாடி சுத்தம்' என்று எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினேன். வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார்: பின் கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை. ட்சுயு என்ற மழைக்கால ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸுக்கு வரும் வியாதி. பணமும் போய், இரண்டு பக்கத் தபால் செலவும் என் தலையில்.

அதிலிருந்து லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, தெரிகிற ஒவ்வொரு புள்ளியையும் படம் பிடித்துப் போடுகிறேன். கேமராவின் பின்கதவைத் திறந்தால், வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு கையில் ஒட்டுகிறதா, அதையும் எழுதுகிறேன். இங்கிருந்து விற்கும் பலர் எதற்கெடுத்தாலும் 'நியர் மின்ட்' (கிட்டத்தட்டப் புதுசு) என்று போட்டு அந்தச் சொல்லையே கெடுத்துவிட்டார்கள். குறையை எழுதினால் விலை கொஞ்சம் இறங்கும், சரி. ஆனால் திரும்பி வருவது நின்றுவிட்டது.

அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால், 800 டாலர் வரைக்கும் இருந்த இறக்குமதி வரிவிலக்கு 2025 ஆகஸ்டில் போய்விட்டது. அதையும் சேர்த்து விலை போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் விசா. நான் பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கிய பிறகு தொடங்கியதால் எனக்குத் தடையில்லை. உங்கள் வேலை விசாவில் தனியாக வியாபாரம் செய்ய இமிகிரேஷனில் விதிவிலக்கு அனுமதி வேண்டும், அது சுலபமாகக் கிடைப்பதில்லை. மாணவர்களுக்குக் கிடைக்கும் வாரம் 28 மணி நேர அனுமதியை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்பெனி விதியில் பக்கத் தொழிலுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த 80,000 யென்னில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் நல்ல கியோசெய்ஷோஷி ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம். பதில் வரும்வரை கடையில் பழுதானவற்றைப் போட்டு வைக்கும் ஜங்க் பெட்டியிலிருந்து எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

ஏடு எழுதுவது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வாருங்கள், என்னுடையதையே காட்டுகிறேன்.